பேச்சில் தொக்கி நிற்பது

மேடைப் பேச்சு ஒன்றை ஆராயச் சொன்னால் பலரும் முதலில் செய்வது அச்செடுத்த தாளில் கோடு போடுவது. உவமைக்கு ஒரு நிறம், அடுக்குக்கு ஒரு நிறம், முரணுக்கு ஒரு நிறம். தாள் முழுக்க நிறமான பிறகு, "பேச்சாளர் அணிகளைத் திறம்படக் கையாண்டிருக்கிறார்" என்று ஒரு முடிவுரை. அந்த வரியை எந்தப் பேச்சுக்கும் எழுதலாம். அவையை வென்ற பேச்சுக்கும் பொருந்தும், அவையில் எடுபடாமல் போன பேச்சுக்கும் பொருந்தும். அதை ஆய்வு என்று சொல்ல முடியாது, சரக்கு இருப்புக் கணக்கு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இணங்கவைத்தல் நடக்கும் இடம் வேறு. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. "பால் குடித்தான்" என்கிறோம். 'ஐ' உருபு அங்கே இல்லை, தொக்கி நிற்கிறது. சொன்னவர் விட்டதைக் கேட்டவர் இட்டு நிரப்பிக்கொள்கிறார். நிரப்பினோம் என்பதே அவருக்குத் தெரிவதில்லை. பொதுமேடை வாதமும் இப்படித்தான் வேலை செய்கிறது. சொல்லாமல் விட்ட ஒரு கருத்தைக் கூட்டம் தன் பையிலிருந்து எடுத்துப் போட்டு வாதத்தை முடித்துக்கொடுக்கிறது. தன் கையால் முடித்துக்கொடுத்த வாதத்தோடு யார் சண்டைக்குப் போவார்கள்?

அரிஸ்டாட்டில் 'என்திமீம்' என்று பெயரிட்டது இந்த வகை வாதத்துக்குத்தான். இணங்கவைத்தலின் உடல் என்றே அதைக் குறிப்பிட்டார். பிற்காலப் பாடநூல்கள் அதை 'ஓர் உறுப்புக் குறைந்த வாதம்' என்று சுருக்கிவிட்டன. அது முழு உண்மை அல்ல. உறுப்புக் குறைவதைவிட, நிச்சயமாகத் தெரியாத, பெரும்பாலும் நடக்கக்கூடிய விஷயங்களைக் கொண்டு வாதிப்பதுதான் அவருக்கு முக்கியம். ஆனாலும் கேட்பவர் அறிந்ததைச் சொல்ல வேண்டியதில்லை, அவரே சேர்த்துக்கொள்வார் என்பதும் அவர் சொன்னதுதான். மணிமேகலையின் 29ஆம் காதையோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். அங்கே பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று வாதத்தின் உறுப்புகள் ஒவ்வொன்றும் வெளியே எடுத்து வைக்கப்படுகின்றன. அவற்றில் எது எப்படிப் பழுதாகும் என்ற பட்டியலும் உண்டு. அது அறிஞர் மன்றத்து வாதம். பொது அவையில் ஏதுவின் பாதி எப்போதும் மறைந்தே இருக்கும். அந்த மறைந்த பாதியைத் தேடி எழுதுவதே சொல்வன்மை ஆய்வின் நடுவேலை என்பது என் கருத்து. மற்ற எல்லாம் அதற்கான ஆயத்தம், அல்லது அதன் பின்னால் வருவது.

எந்தப் பேச்சு?

ஆராயப்போவது எந்தப் பிரதி என்று முடிவு செய்யாமல் ஒரு வரியும் எழுதக்கூடாது. அடிமைநிலையிலிருந்து விடுபட்ட கறுப்பினப் பெண் சோஜர்னர் ட்ரூத் 1851இல் ஒகாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் பேசிய பேச்சு நல்ல எச்சரிக்கை. "நான் ஒரு பெண் இல்லையா?" என்று திரும்பத் திரும்ப வரும் கேள்விக்காகவே அது பாடப்புத்தகங்களில் இடம்பெறுகிறது. பேச்சு நடந்த மூன்றே வாரங்களில் மேரியஸ் ராபின்சன் செய்தித்தாளில் வெளியிட்ட வடிவத்தில் அந்தக் கேள்வி கிடையாது. 12 ஆண்டுகள் கழித்து, 1863இல், பிரான்சிஸ் கேஜ் வெளியிட்ட வடிவத்தில்தான் அது வருகிறது. அமெரிக்கத் தெற்கின் கொச்சை வழக்கில் ட்ரூத் பேசுவதுபோல எழுதியதும் கேஜ்தான். ட்ரூத் பிறந்ததோ நியூயார்க் மாநிலம், அவர் முதலில் பேசிய மொழி டச்சு. ஆகவே அந்தக் கேள்வியின் அடுக்கைப் பக்கம் பக்கமாக அலசுபவர், தாம் அலசுவது கேஜின் எழுத்துத்திறனை என்று தெரிந்து அலச வேண்டும்.

லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரைக்கு (1863 நவம்பர் 19) அவர் கைப்பட எழுதிய 5 பிரதிகள் இருக்கின்றன. 'கடவுளின் கீழ்' என்ற தொடர் அவற்றில் முந்தைய இரண்டில் இல்லை. அன்றைய நிருபர்கள் எழுதி அனுப்பியதில் இருக்கிறது. பேசும்போது சேர்த்திருக்கலாம் என்று கருத இடமுண்டு. சர்ச்சில் 1940 ஜூன் 4 அன்று நாடாளுமன்றத்தில் பேசியது அங்கே ஒலிப்பதிவாகவில்லை. இன்று நாம் கேட்கும் குரல் அவர் 1949இல் பதிவு செய்து கொடுத்தது. அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து 1940இன் அவை எப்படி அசைந்தது என்று எழுதினால் கட்டுரை முதல் பத்தியிலேயே சாய்ந்துவிடும். மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆகஸ்ட் 28 அன்று பேசியதில் 'கனவு' பற்றிய பகுதி தயாரித்த உரையில் இல்லாதது. அங்கே ஆராய இரண்டு பொருள்கள் உள்ளன. ஒன்று எழுதி வைத்தது, மற்றது நின்று பேசியது.

அதிகாரபூர்வப் பதிவு கைக்குக் கிடைத்துவிட்டது என்று நிம்மதி அடையவும் வேண்டாம். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் ஹன்சார்ட் சொல்லுக்குச் சொல் எழுதப்படுவதில்லை. கூறியது கூறலை நீக்கி, வெளிப்படையான பிழைகளைத் திருத்தித்தான் அச்சாகிறது. அதை வைத்துக்கொண்டு 'இவர் சொற்களைத் திரும்பச் சொல்வது குறைவு' என்று முடிவு கட்டினால், அது பேச்சாளரைப் பற்றிய முடிவல்ல, பதிப்பாசிரியரைப் பற்றியது.

ஒலியோ காணொளியோ இருந்தால் நீங்களே எழுதி எடுங்கள். ஒரு நிமிடப் பேச்சுக்குக் குறைந்தது ஐந்தாறு நிமிடம் பிடிக்கும். இடைநிறுத்தம், கைதட்டல் தொடங்கிய நொடி, அடங்கிய நொடி, சிரிப்பு, பேச்சாளர் தன்னைத் திருத்திக்கொண்ட இடம் எல்லாவற்றையும் குறித்தால் பத்தைத் தாண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் கூட்டம் எங்கே முந்திக்கொண்டது, எங்கே பேச்சாளர் காத்திருந்தும் கை எழவில்லை என்பதெல்லாம் இந்தத் தாளில் மட்டுமே தெரியும். மொழிபெயர்ப்பில் மட்டும் கிடைக்கும் பேச்சு என்றால் எதுகை, ஓசை, அடுக்கு பற்றி வாய் திறக்காதீர்கள். வாத அமைப்பைப் பற்றி எழுதலாம்.

வழக்கு எங்கே நிற்கிறது?

கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் கிரேக்கச் சொல்வன்மை ஆசிரியர் ஹெர்மகோரஸ் ஒரு கருவியை வகுத்துக் கொடுத்தார். கிரேக்கத்தில் அதன் பெயர் 'ஸ்டேசிஸ்', அதாவது நிற்றல். இரு தரப்பு மோதும்போது பிணக்கு உண்மையில் எந்தக் கேள்வியின்மேல் நிற்கிறது என்று கண்டுபிடிக்கும் வழி அது. கேள்விகள் நான்கு. நடந்ததா? நடந்தது என்ன, அதற்கு என்ன பெயர்? அது எத்தகையது, நியாயமா, தவிர்க்க முடியாததா? இதைத் தீர்மானிக்க வேண்டிய இடம் இதுதானா?

ஒரு சங்கத்தின் தலைவர் பொதுப்பணத்தை வேறு கணக்குக்கு மாற்றினார் என்று குற்றச்சாட்டு எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். "மாற்றவே இல்லை" என்றால் முதல் கேள்வியில் நிற்கிறார். "மாற்றினேன், அது கையாடல் அல்ல, கைமாற்று" என்றால் இரண்டாவது. "விதிமீறல்தான், ஆனால் ஊழியர் சம்பளத்துக்கு வேறு வழி இல்லை" என்றால் மூன்றாவது. "இதைக் கேட்க வேண்டியது தணிக்கைக் குழு, நீங்கள் யார்?" என்றால் நான்காவது. முதல் மூன்று கேள்விகளில் ஒருவர் கீழே இறங்க இறங்க மேலே உள்ளதை விட்டுக்கொடுத்துக்கொண்டே வருகிறார். மூன்றில் நிற்பவர் முதல் இரண்டையும் ஒப்புக்கொண்டவர். அதை வாயால் சொல்ல மாட்டார், அதுவும் தொக்கித்தான் நிற்கும். நீதிமன்றத்தில் "வாங்கவில்லை, வாங்கியிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்" என்று மாற்றுவழியாக வாதிக்க இடமுண்டு. பொதுமேடையில் அப்படிப் பேசினால் கூட்டம் இரண்டையும் நம்பாது.

நடைமுறையில் செய்ய வேண்டியது எளியது. பேச்சின் ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் 1, 2, 3, 4 என்று எண் போடுங்கள். எதிர்த்தரப்புப் பேச்சுக்கும் அதேபோலப் போட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பெரும்பாலான பொதுவிவாதங்களில் ஒருவர் 1இல் நிற்பார், மற்றவர் 3இல் நிற்பார், இருவரும் "கேட்டதற்குப் பதில் இல்லை" என்று ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டுவார்கள். எண் சட்டென மாறும் பத்தியே நீங்கள் நெடுநேரம் தங்க வேண்டிய பத்தி. அங்கே பேச்சாளர் பதில் சொல்வதை விட்டுவிட்டுக் கேள்வியையே மாற்றுகிறார்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு கி.மு. 427இல் ஏதென்சில் நடந்தது. ஏதென்சுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்து தோற்ற மிட்டிலீனி நகரத்தின் ஆண்கள் அனைவரையும் கொல்வது, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்குவது என்று முதல் நாள் மக்களவை முடிவெடுத்தது. ஆணையோடு கப்பலும் புறப்பட்டுவிட்டது. இரவு கழிந்ததும் பலருக்கு மனம் உறுத்த, மறுநாள் மீண்டும் கூடினார்கள். கிளியோன் பேசினார்: அவர்கள் செய்தது அநீதி, தண்டனை தகும், அதில் நமக்கு நன்மையும் உண்டு. இரக்கத்துக்கு இடம் கொடுப்பது பேரரசுக்குக் கேடு. எதிர்த்துப் பேசிய டியோடோட்டஸிடமிருந்து எல்லோரும் எதிர்பார்த்திருக்கக்கூடியது கருணை மனு. அவர் அதைத் தொடவே இல்லை. அவர்கள் குற்றவாளிகளா என்பது இன்றைய கேள்வி அல்ல, நாம் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்கவில்லை, நமக்கு எது பயன் என்று ஆலோசிக்கக் கூடியிருக்கிறோம் என்றார். சரணடைந்தாலும் சாவுதான் என்று தெரிந்தால் அடுத்து கிளரும் நகரம் கடைசிவரை போராடும், முற்றுகைச் செலவு நம் தலையில், கைக்கு வருவது பாழ் ஊர் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். நூலிழையில் அவர் பக்கம் வென்றது. இரண்டாவது கப்பல் கொலை நடக்கும் முன் போய்ச் சேர்ந்தது.

அரிஸ்டாட்டில் பிற்காலத்தில் பிரித்துவைத்த மூவகைப் பேச்சுகளில் இது எங்கே விழுகிறது என்று பாருங்கள். வழக்குமன்றப் பேச்சு கடந்ததைப் பற்றியது, நீதி அநீதி அதன் அளவுகோல். ஆலோசனைப் பேச்சு வரப்போவதைப் பற்றியது, நன்மை தீமை அதன் அளவுகோல். புகழுரை நிகழ்காலத்தது. கிளியோன் ஆலோசனை அவையை வழக்குமன்றமாக்கினார், டியோடோட்டஸ் அதை மீண்டும் ஆலோசனை அவையாக்கினார். இதில் தொக்கி நிற்பது என்ன? இரவெல்லாம் உறுத்திய மனத்தோடு வந்தவர்களுக்கு, இரக்கப்பட்டோம் என்று ஒப்புக்கொள்ளாமலே இரக்கப்பட ஒரு வழி கிடைத்தது என்பது என் வாசிப்பு. கிளியோன் இரக்கத்தை வெட்கமாக்கி வைத்திருந்தார். டியோடோட்டஸ் அதற்குக் கணக்கு என்ற போர்வையைக் கொடுத்தார்.

முந்தைய பகுதியின் எச்சரிக்கை இங்கும் உண்டு. இரு பேச்சுகளும் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுத்தில்தான் நமக்குக் கிடைக்கின்றன. பேசப்பட்டதன் பொதுக்கருத்தை ஒட்டி, அந்தச் சூழலுக்கு எது தகுமோ அதைப் பேசவைத்தேன் என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

விட்டதை எழுதி எடுப்பது

இனி நடுவேலை. ஒரு கற்பனை வாக்கியம்: "இவர் இதுவரை எந்தப் பதவியிலும் இருந்ததில்லை. அதனால்தான் இவரை நம்பலாம்." முதலில் முடிவையும் ஆதாரத்தையும் தனித்தனி வரிகளாகப் பிரியுங்கள். நடுவில் ஒரு வரி காலியாக விடுங்கள். அந்த வரியில் வரக்கூடிய, ஆதாரத்தை முடிவோடு இணைக்கும் பாலங்களைக் குறைந்தது மூன்றாவது எழுதுங்கள், வெவ்வேறு வலுவில்:

பதவியில் இருந்தவர்கள் எல்லோரும் கெட்டவர்கள்.
பதவி பெரும்பாலானவர்களைக் கெடுத்துவிடும்.
பதவியில் இருந்தவர்கள் இப்போதைய அமைப்புக்குக் கடன்பட்டவர்கள்.

மூன்றில் எது? பேச்சின் மற்ற பகுதிகள் எதைத் தாங்குகின்றன என்று பார்க்க வேண்டும். அதே மேடையில் அவர் ஒரு பழைய அமைச்சரைப் புகழ்ந்திருந்தால் முதல் பாலம் உடைந்துவிட்டது. அடுத்து ஒரு எதிர்மறைச் சோதனை: பாலத்தின் மறுதலையை அந்தக் கூட்டத்திடம் உரக்கச் சொன்னால் என்ன ஆகும்? "பதவி யாரையும் கெடுப்பதில்லை" என்றால் சிரிப்பார்களா, முணுமுணுப்பார்களா, பொருட்படுத்தாமல் விட்டுவிடுவார்களா? எந்த மறுதலைக்குக் கூட்டம் சிலிர்த்துக்கொள்ளும் என்று நினைக்க ஆதாரம் இருக்கிறதோ, அதன் நேர்ப்பொருளே பாலம்.

கடைசியாக, ஏன் சொல்லாமல் விட்டார் என்று கேளுங்கள். காரணங்கள் மூன்றுதான். எல்லோருக்கும் தெரியும் என்பதால் விட்டிருக்கலாம். சொன்னால் வாதம் நோஞ்சானாகத் தெரியும் என்பதால் விட்டிருக்கலாம். வெளியே சொல்லவே கூடாது என்பதால் விட்டிருக்கலாம். முதல் வகை சிக்கனம், இரண்டாவது சாமர்த்தியம். ஓர் இனத்தையோ சாதியையோ மதத்தையோ பற்றிய முன்முடிவு பெரும்பாலும் மூன்றாவது வகையாகத்தான் மேடை ஏறும். பேச்சாளர் பின்னால் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்பார். சொல்லவில்லைதான். கூட்டத்தைச் சொல்லவைத்தார்.

தமிழ்ப் பேச்சுகளில் இந்தப் பாலங்கள் பெரும்பாலும் 'ஆகவே', 'எனவே' பக்கத்தில் இருப்பதில்லை. இடைச்சொற்களில் ஒளிந்திருக்கின்றன. மேல்நாட்டுக் கையேடுகளை அப்படியே பின்பற்றுபவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். "பெண்கள்கூட எதிர்த்தார்கள்": பெண்கள் எதிர்ப்பது எதிர்பாராதது என்ற கருத்து 'கூட' என்ற ஒரு சொல்லில் உட்கார்ந்திருக்கிறது. "நாங்களாவது பள்ளிக்கூடம் கட்டினோம்": மற்றவர்கள் எதுவும் செய்யவில்லை என்பதோடு, நாங்கள் செய்ததும் குறைவுதான் என்ற ஒப்புதலும் 'ஆவது'வில் இருக்கிறது. "அவர்களே ஒப்புக்கொண்டார்கள்": எதிரி தனக்கு எதிராகச் சொல்வது பொய்யாக இருக்காது என்ற முழுத் தர்க்க விதியே ஓர் ஏகாரத்தில் அடங்கிவிட்டது. "நம் பணம்தானே": 'தானே' வந்தாலே கேட்பவர் தலையாட்டிவிட வேண்டும், மறுப்பது முரட்டுத்தனமாகிவிடும். ஆகவே எழுதி எடுத்த பிரதியில் கூட, ஆவது, தான், ஏ, தானே, அல்லவா, என்ன இருந்தாலும் ஆகியவற்றை முதலில் வட்டமிடுங்கள். உவமைகளை வட்டமிடுவதைவிட இது பத்து மடங்கு பயன் தரும்.

தத்துவவாதி ஸ்டீபன் டூல்மின் வாதங்களைப் பிரித்துப் பார்க்க 1958இல் கொடுத்த வரைபடமும் கைவசம் இருக்கட்டும்: கூற்று, தரவு, இரண்டையும் இணைக்கும் பாலம், பாலத்துக்கான முட்டு, 'பெரும்பாலும்' 'அநேகமாக' போன்ற வரையறைச் சொல், விதிவிலக்கு என்று ஆறு கட்டங்கள். மேடைப் பேச்சில் கடைசி இரண்டு கட்டங்களும் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். காலியாக இல்லாமல் இருந்தால்தான் அது கவனிக்கத்தக்க செய்தி.

இந்த வேலை கெட்டுப்போகும் வழிகள் இரண்டு. பேச்சாளரைப் பிடிக்காத ஆய்வாளர் எப்போதும் மிக வலுவான, மிக மோசமான பாலத்தையே தேர்ந்தெடுப்பார். அப்புறம் அதைத் தாக்குவார். அவர் தாக்குவது அவரே எழுதிய வரியை. மற்றொன்று, கூட்டம் நிரப்பியதை விட்டு ஆய்வாளர் தமக்குத் தெரிந்ததை நிரப்புவது. இதற்கு மருந்து, அந்தக் கூட்டத்தின் சொந்தச் சொற்கள்: முழக்கங்கள், பதாகைகள், அதே கூட்டத்துக்கு மற்றவர்கள் பேசியது, அன்றைய வாசகர் கடிதங்கள். பாலமாக நீங்கள் எழுதிய கருத்து இவற்றில் ஒருமுறையாவது வெளிப்படையாக வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் 'ஊகம்' என்று குறித்துக்கொண்டு நகருங்கள்.

நிரப்புபவர் யார்?

சொல்வன்மை ஆய்வாளர் லாயிட் பிட்சர் 1968இல் ஒரு கட்டுரையில், பேச்சைப் பிறப்பிப்பது சூழல் என்று வாதிட்டார். தீர்க்க வேண்டிய ஒரு குறை, அதைத் தீர்க்க வல்ல அவை, பேச்சாளரைக் கட்டுப்படுத்தும் நிலைமைகள் என்று மூன்று கூறுகள். 1973இல் ரிச்சர்ட் வாட்ஸ் அதைத் தலைகீழாக்கினார்: எந்த நிகழ்வும் தானாக நெருக்கடி ஆவதில்லை, பேசுபவர் அப்படிப் பெயரிட்டு முன்னிறுத்தும்போதுதான் ஆகிறது. இன்றுவரை மாணவர்கள் இரண்டில் ஒரு கட்சியில் சேர்ந்துகொள்கிறார்கள். சேர வேண்டியதில்லை. வெள்ளம் வந்தபின் பேசியதற்குப் பிட்சர் உதவுவார். யாருமே கவலைப்படாத ஒன்றை 'அபாயம்' ஆக்கிய பேச்சுக்கு வாட்ஸ்.

எட்வின் பிளாக் 1970இல் இன்னும் நுட்பமான ஒன்றைக் காட்டினார். பேச்சில் பேசுபவரின் உருவம் மட்டுமின்றி, கேட்பவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்ற உருவமும் இருக்கிறது என்றார். அமெரிக்கத் தீவிர வலதுசாரிகள் கம்யூனிசத்தைப் 'புற்றுநோய்' என்று ஓயாமல் சொன்னதை அவர் எடுத்துக்கொண்டார். அந்த உருவகம் எதிரியை வருணிப்பதோடு, கேட்பவரை ஒரு குறிப்பிட்ட மனநிலைக்காரராக இருக்கும்படி அழைக்கிறது. 1984இல் பிலிப் வாண்டர் இதோடு மூன்றாவது உருவத்தைச் சேர்த்தார்: பேச்சில் இடமே தரப்படாமல் விலக்கப்பட்டவர்கள். 'நாம்' என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் எண்ணி, ஒவ்வொன்றிலும் யார் உள்ளே, யார் வெளியே என்று எழுதினால் இந்த மூன்று உருவங்களும் பிடிபடும். தமிழுக்கு இதில் ஒரு கூடுதல் வசதி. 'நாம்', 'நாங்கள்' என்ற வேறுபாடு இருப்பதால், கூட்டத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட பேச்சாளர் எந்த வாக்கியத்தில் கழற்றிவிட்டார் என்பது இலக்கணத்திலேயே தெரியும்.

சொல்வன்மை அதிகாரத்தின் 643ஆம் குறள் கேட்டார், கேளார் என்று இருவரை முன்வைக்கிறது. பரிமேலழகர் நட்பாய் ஏற்றவர், பகையாய் ஏற்காதவர் என்ற வழியில் உரை சொல்கிறார். இன்று இந்தப் பிரிவு முன்னெப்போதையும்விடக் கூர்மையாகிவிட்டது. ஒரு கூட்டத்துக்குப் பேசியதை முப்பது நொடித் துண்டாக்கி இன்னொரு கூட்டத்தின் கைபேசிக்கு அனுப்பிவிடுகிறார்கள். முதல் கூட்டம் நிரப்பிக்கொண்ட பாலம் இரண்டாவது கூட்டத்திடம் இல்லை. அவர்களுக்கு வாக்கியம் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும், அல்லது வேறொரு பாலத்தைப் போட்டு வேறொரு முடிவுக்குப் போவார்கள். 'திரித்துவிட்டார்கள்' என்ற புகார்களில் பலவற்றில் ஒரு சொல்லும் மாறியிருக்காது, மாறியது நிரப்பியவர்கள்தான்.

அச்சம், நம்பகம், கைதட்டல்

உணர்ச்சியைப் பற்றி எழுதும்போது 'உணர்ச்சியைத் தூண்டினார்' என்று நிறுத்தக்கூடாது. அரிஸ்டாட்டில் ஒவ்வொரு உணர்ச்சிக்கும் மூன்று கேள்விகள் வைத்தார்: எந்த மனநிலையில் இருப்பவருக்கு வருகிறது, யார்மீது வருகிறது, எதன் காரணமாக வருகிறது. மூன்றுக்கும் பேச்சில் வரி காட்ட முடிந்தால் மட்டும் உணர்ச்சி என்று எழுதுங்கள். அச்சத்தைப் பற்றி அவர் சொன்னது தனியே நினைவில் வைக்கத்தக்கது. தப்பிக்கச் சிறிது நம்பிக்கையாவது இருந்தால்தான் அச்சம் அச்சமாக நிற்கும், ஏனென்றால் அச்சம் ஆலோசிக்க வைக்கிறது, நம்பிக்கையற்ற விஷயத்தில் யாரும் ஆலோசிப்பதில்லை என்றார். 1965இல் ஹோவர்ட் லெவன்தாலும் உடனாய்வாளர்களும் யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் டெட்டனஸ் தடுப்பூசி பற்றி ஒரு சோதனை நடத்தினார்கள். ஊசி எங்கே, எந்நேரம் போடப்படும் என்று வரைபடத்தோடு திட்டவட்டமாகச் சொல்லப்பட்டவர்களில் ஏறக்குறைய 28 சதவீதம் பேர் போட்டுக்கொண்டார்கள். அது இல்லாதவர்களில் 3 சதவீதம். பயமுறுத்தல் கூடுதலா குறைவா என்பது அந்த எண்ணிக்கையைப் பெரிதாக மாற்றவில்லை. எனவே அச்சமூட்டும் பேச்சில் நீங்கள் தேட வேண்டியது கதவை: எவ்வளவு தூரத்தில் வைத்திருக்கிறார், சாவி யார் கையில்.

நம்பகத்துக்கும் மூன்று கூறுகள்: அறிவு, நற்குணம், கேட்பவர்மீது நல்லெண்ணம். பேச்சாளருக்கு எது குறைவோ அதற்குத்தான் தொடக்கத்தில் அதிகச் சொற்களைச் செலவிடுவார். நிபுணர் தன் பட்டத்தைப் பற்றிப் பேச மாட்டார், தன் அக்கறையைப் பற்றிப் பேசுவார்.

அணிகளுக்கு இப்போதுதான் முறை வருகிறது. ஜான் ஹெரிட்டேஜும் டேவிட் கிரேட்பேட்சும் 1981இன் பிரிட்டிஷ் கட்சி மாநாடுகளில் நிகழ்ந்த 476 பேச்சுகளை ஆராய்ந்து 1986இல் வெளியிட்டார்கள். கைதட்டல்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெறும் ஏழு வாக்கிய அமைப்புகளோடு சேர்ந்து வந்தது. எதிர்நிலை வாக்கியத்துக்கு அவற்றில் முதலிடம். எல்லோரும் பெரிதாகப் பேசும் பட்டியல் அடுக்கு வெகு பின்னால். காரணம் அழகைச் சேர்ந்ததல்ல. தனியாகக் கைதட்டி மாட்டிக்கொள்ள யாரும் விரும்புவதில்லை. வாக்கியம் எங்கே முடியும் என்று முன்கூட்டியே தெரிந்தால் எல்லோரும் ஒன்றாகத் தட்டலாம். "அவர்கள் கேட்டது..." என்று தொடங்கியதுமே "நாம் கேட்பது..." வரப்போகிறது என்று தெரிந்துவிடுகிறது. இதுவும் ஒருவகை நிரப்புதல். மேக்ஸ் அட்கின்சன் அளந்ததில் இத்தகைய கைதட்டல் பெரும்பாலும் 8 நொடி அளவில் அடங்கியது. அதற்கு வெகு முன்பே அடங்கினால் ஒப்புக்குத் தட்டியது, அதைத் தாண்டி நீண்டால் அங்கே வேறு ஏதோ நடந்திருக்கிறது.

கைதட்டினார்கள் என்பதால் இணங்கிவிட்டார்கள் என்று எழுதாதீர்கள். கட்சி மாநாட்டில் தட்டுபவர் வரும்போதே இணங்கி வந்தவர்.

விளைவு என்ற சதுப்பு

ஹெர்பர்ட் விச்செல்ன்ஸ் 1925இல் சொல்வன்மை ஆய்வை இலக்கியத் திறனாய்விலிருந்து பிரித்தபோது, நமக்கு வேண்டியது அழகோ நிலைபேறோ அல்ல, விளைவு என்றார். அன்றிலிருந்து விளைவைப் பற்றி ஆதாரமில்லாமல் எழுதுவது இத்துறையின் தீராத நோய். பேச்சுக்குப் பிறகு வாக்கெடுப்பில் வென்றார் என்பது பேச்சால் வென்றார் என்று ஆகாது. சொல்லமைப்பு முடிவை மாற்றும் என்பதற்குக் கட்டுப்பாட்டுச் சோதனைகளில் வலுவான சான்று உண்டு. உளவியலாளர்கள் டிவெர்ஸ்கியும் கானிமனும் 1981இல் 600 பேர் உயிரைக் காக்க உறுதியான வழியா, பகடையாட்டம் போன்ற வழியா என்ற ஒரே கணக்கை இரண்டு விதமாகக் கேட்டார்கள். '200 பேர் பிழைப்பார்கள்' என்றபோது 72 சதவீதம் பேர் அந்த உறுதியான வழியைத் தேர்ந்தார்கள். அதையே '400 பேர் இறப்பார்கள்' என்று சொன்னபோது 22 சதவீதம். ஆனால் சோதனையில் கேட்டவர்கள் ஒரு வடிவத்தை மட்டுமே பார்த்தார்கள். பொதுவாழ்வில் எதிர்க்கட்சி மறுநாளே மற்ற வடிவத்தைச் சொல்லிவிடும். சோதனை எண்ணை மேடைக்கு அப்படியே தூக்கிவர முடியாது. 'இந்தப் பேச்சு இன்ன முடிவை எளிதாக்கும்படி அமைந்திருக்கிறது' என்பது வரை பிரதியை வைத்துச் சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல, பேச்சுக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவீடு வேண்டும்.

பேச்சு உண்மையா, நேர்மையா என்று தீர்ப்புச் சொல்வது ஆய்வாளர் வேலையா என்ற சண்டை 1972இல் உச்சத்துக்கு வந்தது. அமெரிக்க அதிபர் நிக்சன் 1969 நவம்பர் 3 அன்று வியட்நாம் பற்றிப் பேசிய பேச்சு, 'மௌனப் பெரும்பான்மை' என்ற தொடரால் அறியப்படுவது. ஆய்வாளர் ஃபோர்ப்ஸ் ஹில் அதை அரிஸ்டாட்டில் வழியில் ஆராய்ந்து, குறிவைத்த அவைக்கு ஏற்றபடி நன்றாகக் கட்டப்பட்டது என்று காட்டினார். அதன் உண்மைத்தன்மையை மதிப்பிடுவது இந்த முறையின் எல்லைக்குள் வராது என்றார். கார்லின் கோர்ஸ் காம்ப்பெல் எதிர்த்தார். பேச்சிலுள்ள முரண்பாடுகளையும் திரிபுகளையும் ஒதுக்கிவைத்துவிட்டுத் திறமையை மட்டும் மெச்சுவது நடுநிலை அல்ல, பேச்சாளருக்குச் செய்யும் தொண்டு என்பது அவர் வாதத்தின் சாரம்.

நான் காம்ப்பெல் பக்கம், ஒரு நிபந்தனையோடு. தீர்ப்பு வேண்டும், ஆனால் இடம் மாறக்கூடாது. பேச்சு எப்படி வேலை செய்கிறது என்ற பகுதியையும், அது சரியா என்ற பகுதியையும் தனித்தனியாக எழுதுங்கள். முதல் பகுதியை எழுதி முடித்ததும் வினையடைகளை மட்டும் தேடி ஒருமுறை படியுங்கள். 'நயவஞ்சகமாக', 'கண்ணியமாக', 'துணிச்சலாக' என்று ஏதாவது தட்டுப்பட்டால் அடித்துவிட்டு, அந்தச் சொல் தனக்குரிய ஆதாரத்தோடு வருவதானால் இரண்டாம் பகுதியில் இடம் கொடுங்கள்.